ஆடலைக் கைவிடுதல்: ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்திலாயினும் கொழும்பிலாயினும் மாலை வேளையில் ஒரு பரதநாட்டிய வகுப்பை நோக்குவோர் எளிதிற் காணத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆறு, ஏழு வயதுச் சிறுமியர் பலர் வரிசையாக நிற்பர். பதினான்கு வயதை எட்டியோர் அவரினும் குறைவர். பதினெட்டைக் கடந்தோர் ஓரிருவராகவே இருப்பர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தரந்தரமாகத் தேறிக் 'கலாவித்தகர்' பட்டம் வரை செல்வோர் தொடங்கியோருள் ஒரு சிலரே. இடையில் நின்றோருட் சிலர் பெற்றோரின் வற்புறுத்தலால் வந்து, முழங்கால் நோகின்றதென நின்றுவிட்டவர்கள். அவர்களைப் பற்றி இங்கு ஆராய வேண்டியதில்லை. அவர்கள் விட்டது தமக்கு ஒருபோதும் உரியதாகாத ஒன்றையே. ஆனால் பாடசாலை வாங்கில் அமர்ந்திருக்கும்போதும் கால்விரல் தாளமிடும் அளவுக்கு ஆடலில் தோய்ந்து, பத்தாண்டு பயின்று, பின் ஒருநாள் சலங்கையைப் பெட்டியில் வைத்துவிட்டவர்களும் அவருள் உளர். இவர்களைக் குறித்துச் சமூகம் எழுப்பும் கேள்விகள் யாவும் நடைமுறை சார்ந்தவை: உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம், கலியாணம் எங்கே பேசுகிறார்கள் என்பன. இங்கு ஓர் அறவியல் வினாவும் உண்டென்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. சிறுபராயத்தில் முழுமனத்தோடு நேசித்த ஒரு கலையைக் கைவிடுபவர் எவருக்கேனும் தீங்கிழைக்கின்றாரா? இழைக்கின்றாராயின், எவருக்கு, எவ்வகையில்?

வினாவுட் புகுமுன் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். குழந்தைக்கு இருப்பது விளையாட்டு விருப்பமே. அதனைத் தீவிர ஈடுபாடு என்பது மிகை. ஆதலின் அதனை விடுதல் பொம்மையை விடுவது போன்றதே என்பர் சிலர். இவ்வாறு கூறுவோர் அடவுப் பயிற்சியை அருகிருந்து கண்டவர்களாக இருத்தல் அரிது. அரைமண்டியில் நின்று தட்டடவை மூன்று காலங்களிலும் செய்தல் விளையாட்டன்று. தொடை நடுங்கும், உள்ளங்கால் எரியும், ஆசிரியரின் தட்டுக்கழி ஓயும்வரை நிமிர இயலாது. சலித்தவுடன் விட்டுச்செல்லும் உரிமையே விளையாட்டின் இயல்பு. சலிப்பையும் நோவையும் கடந்து நிற்கும் குழந்தை, எவரும் பாராத வேளையில், மூன்றாம் அட்சரத்தில் கால் பிந்துகின்றது என்பதற்காக அதே அடவை மீண்டும் மீண்டும் செய்யும் குழந்தை, தன் விருப்பு வெறுப்புக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலுக்குத் தன்னை உட்படுத்திக்கொள்கின்றது. பெரியோரிடத்தே இதனைக் காணின் ஒழுக்கம் என்போம். குழந்தையிடத்தே காணின் பொழுதுபோக்கு என்பது எவ்வாறு பொருந்தும்?

1918இற் பிறந்த பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925இல் காஞ்சிபுரத்துக் காமாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்தது. ஏழு வயதில் அவருக்கிருந்த ஈடுபாட்டை இன்று எவரும் விளையாட்டு என்னார். காரணம், அது பின்னரும் தொடர்ந்தது என்பதே. ஆயின், ஏழு வயதில் இருந்த ஈடுபாடு உண்மையானதா அன்றா என்பதை நாற்பது வயதில் நிகழ்வது தீர்மானிக்க முடியாது. தொடர்ந்தமையால் அது புகழ் பெற்றது. தொடராதிருந்தாலும் அந்த ஏழு வயதின் உண்மை அவ்வாறே இருந்திருக்கும். விட்டவரின் குழந்தைக்காலக் காதலைப் பொய்யென ஆக்குவதற்கு, விட்டமை ஒன்றே சான்றாகாது.

தமிழிலக்கியத்தில் இவ்வினாவுக்கு மிகப் பழைய உதாரணம் மாதவியாவாள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவளது பயிற்சியை விரிவாகக் கூறுகின்றது. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னனின் அவையில் ஆடினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலரது தகைமைகளையும், அரங்கின் அளவுகளையும் இளங்கோ எடுத்துரைப்பதிலிருந்து, ஒரு சிறுமியின் ஆடலின் பின்னே எத்துணைப் பேரின் உழைப்பு நின்றது என்பது புலனாகும். தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அவளுக்குக் கிடைத்தன. மணிமேகலைக் காப்பியத்தின் தொடக்கத்தில் அதே மாதவி ஆடலை விட்டவளாகக் காட்சி தருகின்றாள். இந்திரவிழா தொடங்கிவிட்டது; மாதவியும் மகளும் வரவில்லை; தாய் சித்திராபதி மனம் நொந்து வயந்தமாலையை அனுப்புகின்றாள். வயந்தமாலை தன் கருத்தாக ஒன்றும் கூறாது ஊரார் பேச்சையே எடுத்துரைக்கின்றாள். வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகைக் கூத்து முதலாகப் பல கலைகளையும் கற்றுத் தேர்ந்த ஒருத்தி தவம் பூணுதல் வெட்கத்துக்குரியது என்பதே அப்பேச்சின் சாரம்.

இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கற்றதை வீணாக்குதல் இழிவு என்னும் வாதம் இற்றைக்கும் வழங்குவதே. ஆயின் அதனை எழுப்புவோர் யாவர்? விழாவில் ஆடுவோரை இழந்த ஊரும், வருவாயை இழந்த இல்லமும் ஆவர். மாதவியின் ஆற்றல்மீது அவர்களுக்கு நலனுண்டு. மாதவிமீது அக்கறை உண்டோ என்பது ஐயத்துக்குரியது. 'இத்துணைத் திறமையை வீணாக்கலாமா' என்று கேட்கப்படும்போதெல்லாம், அது எவருக்கு வீணாகின்றது என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தல் நலம். மாதவியின் மறுமொழியோ ஆடலைப் பற்றியதாகவே இல்லை. கோவலன் இறந்தமை கேட்டும் பிரியாத தன் உயிரையும், கண்ணகியின் கற்பையும், அப்பத்தினியின் மகளாகவே தான் எண்ணும் மணிமேகலை புகவேண்டிய தவநெறியையும், அறவண அடிகள் உணர்த்திய அறத்தையும் அவள் பேசுகின்றாள். கற்ற கலையை அவள் இகழவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. கேட்டு மீண்ட வயந்தமாலையை, பெறற்கரிய மணியைப் பெருங்கடலில் வீழ்த்தியோரோடு சாத்தனார் ஒப்பிடுகின்றார். துறவைப் போற்ற எழுந்த பௌத்த காப்பியம் அது. அவ்வாறிருந்தும், கடலில் வீழ்ந்தது கூழாங்கல் என்று புலவர் கூறவில்லை. மணி என்றே கூறுகின்றார்.

திறமை வீணாதல் என்னும் குற்றச்சாட்டை மேலைத்தேய மெய்யியலாளரும் ஆராய்ந்துள்ளனர். இம்மானுவல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், தன்பால் ஓர் ஆற்றல் இருப்பதை அறிந்தும் அதனை வளர்க்காது இன்பத்தில் மூழ்குபவனை ஓர் உதாரணமாகக் காட்டுகின்றார். ஆற்றலை வளர்த்தல் மனிதன் தனக்குத் தான் செய்யவேண்டிய கடமை என்பது அவர் முடிபு. இதனைக் கொண்டு நடனத்தை விட்ட பெண்மீது குற்றஞ்சாட்ட முடியுமா? முடியாது. கான்ற் கண்டிப்பது சோம்பலை. நடனத்தை விட்டு இரவு பகலாக இரசாயனமும் உயிரியலும் கற்கும் மாணவியைச் சோம்பேறி என எவரும் கூறார். மேலும், எந்த ஆற்றலை எவ்வளவுக்கு வளர்ப்பது என்பதில் மனிதனுக்குத் தெரிவுரிமை உண்டென்பதைக் கான்ற் தாமே பின்னர் 1797இல் தெளிவுபடுத்தியுள்ளார். ஆகவே கடமை நிறைவேறுகின்றது. எனினும் உள்ளத்தில் ஏதோ உறுத்துகின்றது. அந்த உறுத்தலுக்கு ஆற்றல் வீணானமை காரணமன்று என்பதே இதனாற் பெறப்படும்.

அரிஸ்டோட்டிலின் பாகுபாடு ஒன்று இவ்விடத்துக் கூடுதலாகப் பயன்படும். மெய்யியல் பற்றிய தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் அவர் செயல்களை இருவகையாகப் பிரிக்கின்றார். வீடு கட்டுதல் போன்றவை முடிவை எட்டும்வரை குறையுடையவை. பாதியில் நின்ற சுவர் வீடாகாது. காணுதல் போன்றவை அவ்வாறானவையல்ல. காணும் கணத்திலேயே கண்டதும் ஆகின்றது. பத்தாண்டு ஆடிவிட்டு நிறுத்தியவளைப் பார்த்து 'இத்தனை வருடமும் வீண்' என்போர் ஆடலை வீடுகட்டுதல் போன்றதாகக் கருதுகின்றனர். அரங்கேற்றத்தோடு 'எல்லாம் முடிந்தது' என்று நிறைவடையும் பெற்றோரும் உண்மையில் அதே கருத்தினரே. வீடு கட்டியாயிற்று, குடிபுகுவிழாவும் நடந்தாயிற்று என்பது அவர்கள் எண்ணம். கற்றல் வேறு, ஆடல் வேறு என்றும், கற்றல் முடிவை நோக்கிய செயலே என்றும் ஒருவர் மறுக்கலாம். அரிஸ்டோட்டிலும் கற்றலை முதல் வகையிலேயே சேர்ப்பார். ஆயினும் ஈடுபாடுடைய குழந்தை நூறாவது முறையாக 'தையா தை' என்று காலைத் தட்டும்போது கற்கின்றதா, ஆடுகின்றதா? அதன் முகத்தைப் பார்த்தோர் ஆடுகின்றது என்றே கூறுவர். அந்த மாலைகள் அன்றன்றே நிறைவெய்தியவை. பின்னாளில் விட்டமை அவற்றின் நிறைவைப் பின்னோக்கிச் சென்று அழித்துவிடுவதில்லை.

கைவிடுதல் தன்னளவிலே தீங்கன்று என்பதற்கு வரலாறும் ஒரு சான்று. பரதநாட்டியமாக இன்று அறியப்படும் ஆடலைத் தலைமுறைகளாகக் காத்துவந்தோர் தேவதாசி மரபினர். நல்லூர்க் கோயிலில் இவ்வாடலை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். சென்னை மாகாணத்தில் 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அம்மரபிற் பிறந்த பலருக்கு ஆடலை விடுதல் மானமுள்ள வாழ்வுக்குரிய விலையாக இருந்தது. சிலர் அதனை விடுதலையாகக் கொண்டனர். சிலருக்கு அது பறிகொடுத்தலாயிற்று. ஒருவருக்கே அது இரண்டுமாக இருந்திருத்தலும் கூடும். அதே காலப்பகுதியில் உயர்குலப் பெண்கள் அக்கலையுட் புகுந்தனர். ஏறக்குறைய முப்பது வயதிற் பயிலத் தொடங்கிய ருக்மிணி தேவி 1935இல் அரங்கிலேறி, அடுத்த ஆண்டு கலாஷேத்திராவை நிறுவினார். ஒருசாரார் மானத்துக்காக விட்டதையே மற்றொருசாரார் மானத்தோடு ஏற்றனர் என்பது எண்ணுதற்குரியது. ஆடலை விட்டவளைப் பழிப்போர், விடாதிருப்பதற்கான வசதி எவருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

இலங்கைத் தமிழ் இல்லங்களில் இந்நிறுத்தம் பெரும்பாலும் பதினாறாம், பதினேழாம் வயதில் நிகழ்கின்றது. காரணம் அறியாததன்று. 1971இல் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும், ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குடும்பத்தின் விதியாக ஆக்கின. பின்னர் முறைகள் மாறின. 2001 முதல் இசட் புள்ளி முறை வழக்கில் உள்ளது. தசமத்தின் நான்காம் இடத்தில் ஒருவரின் எதிர்காலம் தீரும் நாட்டில், கிழமைக்கு மூன்று மாலைகளை நடனத்துக்கு ஒதுக்குமாறு பெற்றோருக்கு உபதேசிப்பது எளிது, பின்பற்றுவது அரிது. க.பொ.த. உயர்தரத்தில் பரதநாட்டியமும் ஒரு பாடமே. 1960இல் தோன்றிய இராமநாதன் நுண்கலைக் கழகம் 1970களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபின், அதனை உயர்கல்வியாகத் தொடரவும் வழியுண்டு. ஆனால் விஞ்ஞானப் பிரிவிற் சித்தியடையக்கூடிய பிள்ளைக்கு அவ்வழியைக் காட்டும் பெற்றோர் எத்தனை பேர்? போரினால் நின்றவர்களையும் மறத்தலாகாது. 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது சலங்கையை எடுத்துச் செல்ல எண்ணியவர் சிலராவது இருந்திருப்பர். எடுத்துச் சென்றாலும் ஆட இடமிருக்கவில்லை. இவர்கள் விட்டவர்கள் அல்லர், இழந்தவர்கள். இழந்தவரிடம் 'ஏன் விட்டாய்' என்று கேட்பது மொழிப் பிழை மட்டுமன்று.

அவ்வாறாயின் தீங்கு எங்குள்ளது? பெரும்பாலும் விடும் செயலில் அன்று. அச்செயலுக்கு இடப்படும் பெயரில் அது உள்ளது. தமிழ் இல்லங்களில் இதற்கு இரண்டு பொய்ப்பெயர்கள் வழங்குகின்றன. முதலாவது, 'இப்ப நிப்பாட்டிப்போட்டுச் சோதினை முடியத் தொடங்கலாம்' என்பது. பிள்ளை நம்புகின்றது, அல்லது நம்புவதுபோல் இருந்துகொள்கின்றது. சொல்பவர்களோ, பரீட்சைக்குப் பின் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்துக்குப் பின் தொழில், தொழிலோடு திருமணம் என்பதை நன்கறிவர். அரைமண்டியின் தாழ்வும் இடையின் நேர்மையும் இரண்டாண்டு இடைவெளியிற் குறைந்துபோவதை ஆசிரியர் அறிவார், அவரும் வாய்திறப்பதில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் 'இதனை நீ விடவேண்டியிருக்கும், இன்ன காரணத்துக்காக' என்று கூறினால் அவள் அழுவாள், வாதாடுவாள், ஒருவேளை மறுப்பாள். மறுக்கும் வாய்ப்பைத் தவிர்ப்பதற்காகவே ஒத்திவைத்தல் என்னும் பெயர் இடப்படுகின்றது. இதனால் அவளிடமிருந்து எடுக்கப்படுவது நடனம் மட்டுமன்று, நடனத்தை விடும் முடிவும் ஆகும். தானே முடிவெடுத்து விடுபவளுக்குத் துயரம் இருக்கும். தான் எப்போது விட்டாள் என்பதே தெரியாதவளுக்குத் துயரப்படுவதற்கும் ஒரு நாள் இல்லை.

இரண்டாவது பொய்ப்பெயரை விட்டவளே சூட்டிக்கொள்கின்றாள். பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் கலைவிழா ஒன்றுக்கு ஆடுவோரைத் தேடும்போது, 'நீர் நடனம் பழகினீரோ' என்று சக மாணவி வினவ, வரும் விடை எல்லோருக்கும் தெரிந்ததே: 'சின்னனிலை கொஞ்சம் பழகினனான்.' அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆடியவள், வர்ணம் ஒன்றை அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கி நின்றவள், அந்தப் பத்தாண்டைக் 'கொஞ்சம்' என்கின்றாள். இதனைத் தமிழருக்கியல்பான அடக்கம் என்று சிலர் பாராட்டவுங்கூடும். ஆனால் அவையடக்கம் இதுவன்று. கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கூறிக்கொண்டார். அங்கே சிறிதாக்கப்படுவது ஆற்றல், ஆசை சிறிதாக்கப்படவில்லை. கடலளவு ஆசை இருந்தமையாலன்றோ பூனை கடலருகே சென்றது? 'கொஞ்சம் பழகினனான்' என்பதோ ஆசையையே சுருக்கிவிடுகின்றது. இது தற்காப்பு என்பதை மறுப்பதற்கில்லை. பெரிதாக இருந்தது என்று ஒப்புக்கொண்டால், அது இப்போது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடியிருந்து உணவருந்தும் இடத்தில் எவருக்கும் அதற்கு மனம் வராது. அவ்விடையைக் கூறும் பெண்ணைக் கடிதல் இரக்கமற்ற செயல். எனினும் பலகாலம் கூறப்படும் பொய், கூறுபவராலேயே நம்பப்படுகின்றது. தன்னால் எதனையும் முழுமையாக நேசிக்க முடியும் என்பதற்குத் தன் வாழ்விலிருந்த ஒரே சான்றை அவள் அழித்துவிடுகின்றாள்.

இதன் விளைவு அவளோடு நிற்பதுமில்லை. கொஞ்சம் பழகியவள் தாயாகித் தன் மகளை ஐந்து வயதில் விஜயதசமியன்று வகுப்பிற் சேர்க்கின்றாள். மகள் நன்கு ஆடுகின்றாள். பத்தாண்டு கழிகின்றது. மகளிடம் என்ன நிகழ்ந்துகொண்டிருக்கின்றது என்பதை உலகில் எவரினும் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியவள் அத்தாய். ஆனால் தனக்கு அது கொஞ்சமாகவே இருந்தது என்று இருபதாண்டு கூறிவந்தவளுக்கு, மகளின் கண்ணில் இருப்பதும் கொஞ்சமாகவே தெரிகின்றது. 'நானும் விட்டனான்தானே, ஒன்றும் ஆகேல்லை' என்று அவள் கூறும்போது அதில் வஞ்சகம் சிறிதுமில்லை. தன் இழப்பை இழப்பென்று கொண்ட தாயும் இறுதியில் மகளை நிறுத்தவே கூடும். காலமும் பணமும் அவளையும் நெருக்கும். ஆயினும் அவள் தான் கேட்பது எவ்வளவு பெரியது என்பதை அறிந்து கேட்பாள். மகளும் அதனை அறிவாள். புறத்தே ஒரே செயலாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒன்றல்ல.

பரதநாட்டியம் இன்று வழங்கும் அமைப்பே இப்பொய்களுக்கு இடந்தருகின்றது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். அதில் நிற்பதற்கு இரண்டு இடங்களே உள்ளன: மேடை அல்லது பார்வையாளர் நாற்காலி. மட்டக்களப்பின் கூத்து மரபு வேறுவகையானது. சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என அங்கும் படிகள் உண்டு. மாதக்கணக்கிற் பயிற்சி உண்டு. உடுப்பின் பாரத்தோடு விடியும்வரை களரியைச் சுற்றி ஆடும் வலிமை வேண்டப்படும். ஆயின் ஆடுவோர் வயலிலும் கடலிலும் தொழில் செய்வோர். ஆடவியலாத வயது வந்தபோது அவர்கள் கூத்தைவிட்டு வெளியேறுவதில்லை. களரியில் அண்ணாவியாரின் பின்னே நின்று பிற்பாட்டுப் பாடுவர். சிலர் தாமே அண்ணாவியாராவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றியபோது, அக்கலை படித்தோரின் கவனத்துக்கு வந்தது. இம்மரபை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ளவும் இயலாது. அங்கே பெண் வேடத்தையும் ஆணே தாங்கினான். பெண்ணுக்கு ஆடும் இடமே இருக்கவில்லை. சாதிக் கட்டுப்பாடுகளும் இருந்தன. ஆயினும் ஆடி ஓய்ந்தவனுக்குக் களரிக்குள்ளேயே ஓர் இடம் இருந்தது. நேற்று தான் ஆடிய தருவை இன்று வேறொருவன் ஆட, அதனைப் பாடி நிற்பவன் 'நான் கொஞ்சம் பழகினனான்' என்று கூறத் தேவையில்லை.

நடன வகுப்புகளிலும் இதற்கு இடமுண்டாக்குதல் பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. நட்டுவாங்கத்துக்கும் பாட்டுக்கும் ஆட்கள் வேண்டும். முன்வரிசைச் சிறுமியரின் முழங்காலைத் திருத்திவிடவும் ஒருவர் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கிழமையில் ஒருநாள், ஒரு மணி நேரம் வந்து தட்டுக்கழியை ஏந்திச் சிறியோருக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இடமளித்தால், அவளது பெறுபேறு அதனாற் குன்றிவிடாது. அவள் பின்னர் மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், அரங்கில் மீண்டும் ஆடாமலே போகலாம். ஆடலை அவள் விட்டவளா, விடாதவளா என்று அப்போது எவரும் வினவின், விடை கூறுவதற்கு அவள் சற்று நேரம் எடுத்துக்கொள்வாள்.